இதயத் துடிப்புச் சீர்கேடுகளுக்குக் குறியீடு இடுவது எப்படி: பதிவேட்டில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளுக்குப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில், இதயத் துடிப்புச் சீர்கேடுகளுக்கான குறியீடுகள் பெரும்பாலும் ஐ44 முதல் ஐ49 வரையிலான ஆறு வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. (குறியீடுகளின் எழுத்துகளை இங்கே ஒலிப்படி ஐ, ஆர், இசட், டி என்று எழுதியிருக்கிறேன்.) பக்கக் கணக்கில் இது சிறிய பகுதிதான். ஆனால் பதிவேட்டைப் படித்துக் குறியீடு இடும் கோடர்களில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். எலும்பு முறிவு என்றால் எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம்; துடிப்புச் சீர்கேடோ காலத்தோடு மாறுகிறது. காலையில் ஒரு லயம், மாலையில் வேறொரு லயம் என இருக்கும் நோயாளிக்கு எந்தக் குறியீடு பொருந்தும் என்பதை, அந்தச் சீர்கேடு எவ்வளவு காலமாக இருக்கிறது, தானாக நின்றதா, மருத்துவர் அதை எப்படி அணுக முடிவு செய்திருக்கிறார் என்பவற்றைச் சொல்லும் ஓரிரு சொற்களே தீர்மானிக்கின்றன. அந்தச் சொற்கள் மருத்துவரின் குறிப்பில் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் கோடர் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

ஈசிஜி தாள் நோயறிதல் ஆகாது

பதிவேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது ஈசிஜி தாளும், அதன் மேல்மூலையில் இயந்திரமே அச்சிட்ட வாசகமும்தான். அந்த வாசகத்தை வைத்துக் குறியீடு இடக் கூடாது. மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்ல ஆகும் நேரத்தைக் காட்டும் பிஆர் இடைவெளி 200 மில்லிவினாடிக்கு மேல் போனால் முதல்நிலை ஏவி பிளாக் (அந்தக் கடத்தலில் தாமதம்) என்பது கோடருக்குத் தெரிந்திருக்கலாம். தாளில் 240 என்று தெளிவாகவே அச்சாகியும் இருக்கலாம். ஆனாலும் சிகிச்சை தரும் மருத்துவர் அதை நோயாக எழுதாத வரை ஐ44.0 என்ற குறியீட்டுக்கு இடமில்லை. உள்நோயாளிகளைப் பொறுத்தவரை, இயல்புக்கு மாறான பரிசோதனை முடிவுகளின் மருத்துவ முக்கியத்துவத்தை மருத்துவர் குறிப்பிட்டால் அன்றி அவற்றுக்குக் குறியீடு இடக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. முடிவு அசாதாரணமாக இருந்து, அதற்காக மருத்துவர் வேறு பரிசோதனையோ சிகிச்சையோ சொல்லியிருந்தால், அதை நோயறிதலாகச் சேர்க்க வேண்டுமா என்று அவரிடம் கேட்கலாம். வெளிநோயாளிப் பிரிவில் நிலைமை சற்று மாறுபடும்: பரிசோதனையை ஒரு மருத்துவர் படித்துப் பொருள்கூறி, இறுதி அறிக்கையும் கையில் இருந்தால், அந்த அறிக்கையில் உறுதி செய்யப்பட்ட நோயறிதலுக்குக் குறியீடு இடலாம். மருத்துவர் பொருள்கூறிய அறிக்கை வேறு, இயந்திரத்தின் வாசகம் வேறு என்பதை மறக்கக் கூடாது.

இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும் இடம், ஈசிஜியில் கீழறைகளின் மின்செயல்பாடு தொடங்கி முடியும் நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி. 'க்யூடி இடைவெளி நீண்டிருக்கிறது' என்று மருத்துவர் எழுதினால் அது ஈசிஜி கண்டறிதல் மட்டுமே, குறியீடு ஆர்94.31. 'லாங் க்யூடி சிண்ட்ரோம்' என்று எழுதினால்தான் ஐ45.81. முன்னது ஒரு மருந்தாலோ பொட்டாசியம் குறைவாலோ சில நாள் வந்து போவதாக இருக்கலாம். பின்னது நோயாளியின் வாழ்நாள் முழுவதும் பதிவேட்டில் தொடர்ந்து வரும். கைதவறி ஐ45.81 இட்டுவிட்டால், பின்னாளில் ஒரு காப்பீட்டு விண்ணப்பத்திலோ மயக்க மருந்துக்கு முந்திய பரிசோதனையிலோ அந்த மனிதருக்குத் தேவையற்ற தொல்லை வந்து சேரும்.

அறிகுறி எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது

படபடப்புக்கு ஆர்00.2, காரணம் குறிப்பிடாத வேகத் துடிப்புக்கு ஆர்00.0, மந்தத் துடிப்புக்கு ஆர்00.1. சைனஸ் டாக்கிகார்டியா (இயல்பான லயத்திலேயே வரும் வேகத் துடிப்பு) என்று மட்டும் எழுதியிருந்தாலும் ஆர்00.0தான், அதை வேகத் துடிப்பு நோய்களுக்கான ஐ47க்குள் கொண்டுபோகக் கூடாது. 'இன்அப்ரோப்ரியேட் சைனஸ் டாக்கிகார்டியா' என்று மருத்துவர் அதே பெயரில் எழுதியிருந்தால் மட்டுமே ஐ47.11.

வெளிநோயாளிக் குறிப்பில் 'படபடப்பு, எஸ்விடியாக இருக்கலாம்' (எஸ்விடி என்பது மேலறை சார்ந்த வேகத் துடிப்பு) என்று இருந்தால் இட வேண்டியது ஆர்00.2 மட்டுமே, 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'விலக்க வேண்டும்' என்பன அங்கே நோயாகக் கணக்கில் வாரா. உள்நோயாளியாகச் சேர்ந்தவரின் டிஸ்சார்ஜ் சமயத்தில், இறுதி நோயறிதலாகவே 'எஸ்விடியாக இருக்கக் கூடும்' என்று எழுதியிருந்தால், அது இருப்பதாகவே கொண்டு குறியீடு இடலாம். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதி என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். குறியீடு இடும் முன் இது எந்த வகைச் சேர்க்கை என்று பார்த்துவிடுவதே இதற்கு வழி.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் இந்தச் சீர்கேட்டுக்கு ஐ48 என்ற ஒரே வகைக்குள் பல கிளைகள் இருக்கின்றன. கிளைகளைப் பிரிப்பது காலமும் சிகிச்சை முடிவும். தானாகவோ சிகிச்சையாலோ ஏழு நாட்களுக்குள் நின்றுவிட்டால் பராக்ஸிஸ்மல், அதற்கு ஐ48.0. ஏழு நாட்களைத் தாண்டித் தொடர்ந்தால் பெர்சிஸ்டன்ட். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இடைவிடாது இருந்தால் லாங்-ஸ்டாண்டிங் பெர்சிஸ்டன்ட், அதற்கு ஐ48.11. ஏனைய பெர்சிஸ்டன்ட் அனைத்துக்கும் ஐ48.19. இயல்பு லயத்தை மீட்கும் முயற்சியைக் கைவிடுவது என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்ட நிலையே பெர்மனன்ட், அதற்கு ஐ48.21. க்ரானிக் என்று மட்டும் எழுதியிருந்தால் ஐ48.20. வகையே சொல்லாவிட்டால் ஐ48.91. ஐ48.1, ஐ48.2 ஆகிய இரண்டும் இப்படி விரிவடைந்தது 2019 அக்டோபர் 1 முதல். அதற்கு முந்திய பதிவேடுகளைத் தணிக்கை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பலர் சறுக்கும் ஓரிடம் உண்டு. 'க்ரானிக் பெர்சிஸ்டன்ட்' என்று மருத்துவர் எழுதினால், முதல் சொல்லைப் பார்த்து ஐ48.20க்குப் போகத் தோன்றும். தொகுப்பின் உட்குறிப்போ அந்தச் சொற்றொடரை ஐ48.19க்குக் கீழ்தான் வைத்திருக்கிறது. அகர வரிசையில் தேடி எடுத்த குறியீட்டைப் பட்டியல் பகுதியில் ஒரு முறை சரிபார்க்காமல் விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மேலே சொன்ன நாள் கணக்கு கோடர் கணக்கிட்டுப் பார்ப்பதற்காக அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குறிப்பில் எட்டு நாட்கள் தொடர்ந்ததாக இருந்தாலும், பெர்சிஸ்டன்ட் என்ற சொல்லை மருத்துவர்தான் எழுத வேண்டும். நாள் கணக்கை அறிந்து வைத்திருப்பதன் பயன், எங்கே கேள்வி எழுப்புவது என்று தெரிவதே.

அப்படியொரு குறிப்பைப் பார்ப்போம் (ஏஃபிப் என்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் சுருக்கம்; அபிக்சபன் ரத்தம் உறையாமைக்கான மருந்து). 'வயது 68. ஏஃபிப், ரேட் கன்ட்ரோலில் உள்ளது, 84. உயர் ரத்த அழுத்தம். மெட்டோப்ரோலால், அபிக்சபன் தொடரவும். ஆறு மாதத்தில் மறுபரிசோதனை.' இதிலிருந்து இடக்கூடியவை ஐ48.91, உயர் ரத்த அழுத்தத்துக்கான ஐ10, ரத்தம் உறையாமைக்கான மருந்தை நீண்ட காலம் உட்கொள்வதைக் குறிக்கும் இசட்79.01 ஆகிய மூன்றும்தான். இங்கே உயர் ரத்த அழுத்தத்தால் வரும் இதய நோய்க்கான ஐ11க்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தொகுப்பு தானாகவே கொள்வது உண்மை. ஆனால் அந்த அனுமானம் இதயச் செயலிழப்புக்கும், ஐ51க்குள் வரும் குறிப்பிட்ட சில நிலைகளுக்கும் மட்டுமே உரியது. துடிப்புச் சீர்கேடு அந்தப் பட்டியலில் இல்லை. இசட்79.01ஐ ஆஸ்பிரினுக்கு இடுவதும் அடிக்கடி காணும் பிழை. ஆஸ்பிரினுக்கு இசட்79.82, குளோபிடோக்ரல் போன்ற தட்டணு மருந்துகளுக்கு இசட்79.02.

இனி, அதே நோயாளியின் முந்தைய வருகைக் குறிப்பில் 'கார்டியோவெர்ஷன் பலனளிக்கவில்லை; லயத்தை மீட்கும் முயற்சி இனி வேண்டாம் என நோயாளியுடன் பேசி முடிவு' என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம் (கார்டியோவெர்ஷன் என்பது மின் அதிர்ச்சியாலோ மருந்தாலோ இயல்பு லயத்தை மீட்பது). மருத்துவ அறிவு உள்ள யாருக்கும் இது பெர்மனன்ட் என்று தோன்றும். ஆனாலும் பழைய குறிப்பிலிருந்து ஒரு நிலையை எடுத்து இன்றைய வருகைக்குக் குறியீடாக மாற்றும் உரிமை கோடருக்கு இல்லை. இங்கே அனுப்ப வேண்டியது க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு மருத்துவருக்கு எழுதும் கேள்வி. அதை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் தொழில் திறமை தெரியும். 'இது பெர்மனன்ட் ஏஃபிப் என்று எழுத முடியுமா?' என்று கேட்டால் அது விடையைத் திணிக்கும் கேள்வி, தணிக்கையில் நிற்காது. இப்படி எழுதலாம்:

'இன்றைய குறிப்பில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உள்ளது; வகை குறிப்பிடப்படவில்லை. இன்றைய ஈசிஜி அறிக்கையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சிகிச்சை மெட்டோப்ரோலால், அபிக்சபன். முந்தைய வருகைக் குறிப்பில் கார்டியோவெர்ஷன் பலனளிக்கவில்லை என்றும், லயத்தை மீட்கும் முயற்சி தொடரப்படாது என்றும் உள்ளது. தங்கள் மருத்துவ முடிவின்படி இதன் வகையைக் குறிப்பிட இயலுமா? பராக்ஸிஸ்மல் / பெர்சிஸ்டன்ட் / லாங்-ஸ்டாண்டிங் பெர்சிஸ்டன்ட் / பெர்மனன்ட் / வேறு (விவரிக்கவும்) / தீர்மானிக்க இயலவில்லை.'

இதில் ஆதாரங்கள் இருக்கின்றன, ஏற்கத்தக்க எல்லா வாய்ப்புகளும் இருக்கின்றன, மறுக்கவும் வழி இருக்கிறது. எந்த விடை வந்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை கிடைக்கும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை, இருக்கவும் கூடாது. உள்நோயாளிக் கணக்கில் பெர்சிஸ்டன்ட் வகை, உடன்நோய்ச் சிக்கலாக எண்ணப்பட்டுத் தொகையை மாற்றக்கூடியது, பராக்ஸிஸ்மல் அப்படியல்ல என்பது கோடர் அறிந்திருக்க வேண்டிய செய்தியே. ஆனால் மருத்துவருக்கு அனுப்பும் தாளில் அதற்கு இடமில்லை.

'ரேபிட் வென்ட்ரிகுலர் ரெஸ்பான்ஸ்' (கீழறைகளும் வேகமாகத் துடிப்பது) என்பதற்குத் தனிக் குறியீடு கிடையாது. வகைக்கு உரிய ஐ48 குறியீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலறைகள் சீராக, ஆனால் மிக வேகமாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டரும் சேர்ந்து ஆவணப்படுத்தப்பட்டிருந்தால் இரண்டுக்கும் குறியீடு இடலாம்: டிப்பிகல் எனில் ஐ48.3, ஏடிப்பிகல் எனில் ஐ48.4, வகை சொல்லாவிட்டால் ஐ48.92. பக்கவாத அபாயத்தை மதிப்பிடும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண்ணுக்கென்று நோய்க் குறியீடு இல்லை. ஆனால் மருத்துவர் அதைக் கூட்டிக் காட்டியிருந்தால், அதன் உறுப்புகளான நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவை பதிவேட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று திரும்பிப் பார்க்க அது நல்ல தூண்டுகோல்.

'ஹிஸ்டரி ஆஃப்' என்ற தொல்லை

மருத்துவர்கள் 'ஹிஸ்டரி ஆஃப் ஏஃபிப்' என்று எழுதுவதை நிறுத்தப் போவதில்லை. அவர்கள் சொல்ல வருவது 'இந்த நோயாளிக்கு ஏஃபிப் உண்டு' என்பதே. குறியீட்டு மொழியில் அதற்கு நோய் முடிந்துபோனது என்று பொருள், குறியீடும் இசட்86.79 ஆகிவிடும். அதே நோயாளி லயத்தைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை உட்கொண்டுகொண்டிருந்தால், மருந்தால் கட்டுக்குள் இருக்கும் நோய் முடிந்துபோன நோய் அல்ல. அப்போது முரண்பாட்டைச் சுட்டி க்வெரி அனுப்ப வேண்டும். சீர்கேட்டுக்குக் காரணமான இதயத் திசுவை அழிக்கும் அப்லேஷன் சிகிச்சைக்குப் பிறகு சீர்கேடு திரும்பவில்லை, மருந்துகளும் நிறுத்தப்பட்டன என்றால் இசட்86.79 பொருத்தமானதே.

இதன் மறுபக்கம் நகலெடுப்பு. மின்னணுப் பதிவேட்டில் ஒரு முறை எழுதிய 'பராக்ஸிஸ்மல்' என்ற சொல், வருகைக்கு வருகை நகலாகி, உண்மையில் அந்த லயம் நிரந்தரமாகிப் போன பின்னும் அப்படியே நின்றுகொண்டிருக்கும். நோய்ப் பட்டியலில் ஒரு வகையும் மதிப்பீட்டுப் பகுதியில் வேறொரு வகையும் இருந்தால் இரண்டில் ஒன்றைக் கோடர் தேர்ந்தெடுப்பது சரியல்ல. இத்தகைய முரண்களில் பெரும்பாலானவை நகலெடுப்பால் வந்தவை என்பது என் கணிப்பு.

வேகமான லயங்கள்

எஸ்விடி எனப்படும் மேலறை சார்ந்த வேகத் துடிப்புக்கு இப்போது ஐ47.10, ஐ47.11, ஐ47.19 என்று மூன்று கிளைகள். கீழறைகளில் தோன்றும் வேகத் துடிப்பான வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவுக்கு, வகை சொல்லாவிட்டால், ஐ47.20, அதன் ஒரு வகையான டார்சாடஸ் டி பாயிண்ட்ஸுக்கு ஐ47.21, ஏனையவற்றுக்கு ஐ47.29. கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கு ஐ49.01. முப்பது வினாடிகளுக்கு மேல் நீடித்ததா, ரத்த அழுத்தம் சரிந்ததா என்பவற்றை மருத்துவர் எழுதுவது குறியீட்டை மாற்றாவிட்டாலும், சிகிச்சையின் தேவையை நிறுவ அதுவே ஆதாரம். உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் எனப்படும் டபிள்யூபிடபிள்யூ நோய்க்கு ஐ45.6, புருகாடா சிண்ட்ரோம் ஐ49.8க்குள் வருகிறது.

இதயம் நின்றுபோன நிலை இதயக் கோளாறால் நேர்ந்தது என்று ஆவணம் சொன்னால் ஐ46.2, அப்போது காரணமான இதய நோயை முதலில் இட வேண்டும் என்ற கட்டளை அந்தக் குறியீட்டின் கீழேயே இருக்கிறது.

மந்தமான லயங்கள், தடைகள், பேஸ்மேக்கர்

சில தூண்டல்கள் கீழறைக்குச் செல்லாமல் போகும் இரண்டாம்நிலை ஏவி பிளாக்கில், அதன் வகைகளான மோபிட்ஸ் ஒன்றும் மோபிட்ஸ் இரண்டும் மருத்துவத்தில் வெகு தொலைவில் நிற்பவை: முன்னது பெரும்பாலும் கண்காணிப்போடு போகும், பின்னது பேஸ்மேக்கர் வரை கொண்டுபோகும். குறியீடோ இரண்டுக்கும் ஐ44.1 ஒன்றுதான். ஆகவே பேஸ்மேக்கர் ஏன் தேவைப்பட்டது என்பதைக் குறியீடு சொல்லாது; மருத்துவரின் வாசகம்தான் சொல்லியாக வேண்டும். முழுமையான தடைக்கு ஐ44.2.

இதயத்தின் இயற்கைத் துடிப்பு மையம் சரிவர இயங்காத சிக் சைனஸ் சிண்ட்ரோமுக்கு ஐ49.5, வேகமும் மந்தமும் மாறி மாறி வரும் டாக்கி-பிராடி சிண்ட்ரோமும் இதே குறியீட்டில் அடங்கும். பேஸ்மேக்கர் பொருத்திய பின் இந்த நோய் தீர்ந்துவிட்டது என்று கருதி, கருவி இருப்பதைக் குறிக்கும் இசட்95.0 மட்டும் இட்டு முடிப்பவர்கள் உண்டு. கருவி நோயைக் கட்டுப்படுத்துகிறதே தவிர நீக்கவில்லை. மருத்துவர் அதை மதிப்பிட்டு எழுதியிருந்தால் ஐ49.5, இசட்95.0 இரண்டும் இடம்பெறலாம். ஐசிடி எனப்படும் (தொகுப்பின் பெயரிலுள்ள ஐசிடி வேறு) டிஃபிப்ரிலேட்டர் கருவி இருந்தால் இசட்95.810. கருவியைப் பரிசோதிக்கவோ சீரமைக்கவோ மட்டுமே வந்த வருகை என்றால், இசட்45 வகைக்குள் தேட வேண்டும்.

மந்தத் துடிப்பு மருந்தால் வந்தது என்றால் வரிசை முக்கியம். இதய மருந்தான டிகாக்சினைச் சொன்னபடியே உட்கொண்டும் துடிப்பு குறைந்தது என்றால் முதலில் ஆர்00.1, அடுத்து பக்கவிளைவைக் குறிக்கும் டி46.0எக்ஸ்5ஏ. அளவு தவறி அதிகம் உட்கொண்டதால் வந்தது என்றால் அது நச்சுத்தன்மை, டி46.0எக்ஸ்1ஏ முதலிலும் துடிப்பின் நிலை அடுத்தும் வரும். ஒரே ஓர் எண் மாறுவதால் முழு வரிசையும் தலைகீழாகிறது. இதற்கு ஆதாரம் 'எப்படி உட்கொண்டார்' என்ற ஒரு வரிதான். மருந்து வரலாற்றில் அந்த வரி இல்லாவிட்டால் கேட்டுப் பெற வேண்டும்.

செயல்முறைகள்

நோய்க் குறியீடு சரியாக இருந்தும் செயல்முறைகளைக் குறிக்கும் சிபிடி குறியீட்டுக்கான ஆவணம் போதாமல் பில் திரும்பி வருவது உண்டு. ஈசிஜி எடுத்து, பொருள்கூறி, அறிக்கையும் தந்தால் 93000. பதிவு மட்டும் எனில் 93005. பொருள்கூறலும் அறிக்கையும் மட்டும் எனில் 93010. உடலில் அணிந்தபடி துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கண்காணிப்பில் நேரமே எல்லாம்: 48 மணி நேரம் வரை 93224 முதல் 93227 வரை; அதற்கு மேல் ஏழு நாட்கள் வரை 93241 முதல் 93244 வரை; ஏழு நாட்களுக்கு மேல் பதினைந்து நாட்கள் வரை 93245 முதல் 93248 வரை. எத்தனை நாளுக்கு உத்தரவிட்டார் என்பதல்ல, எத்தனை நேரம் பதிவானது என்பதே கணக்கு; ஆகவே தொடங்கிய நேரமும் கழற்றிய நேரமும் அறிக்கையில் இருந்தாக வேண்டும். ஹோல்டர் பதிவு 12 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், சேவை குறைந்ததைக் குறிக்கும் மாற்றி (மாடிஃபையர்) 52 சேர்க்க வேண்டும்.

திட்டமிட்டுச் செய்யும் வெளிப்புறக் கார்டியோவெர்ஷனுக்கு 92960. இதயம் நின்றபோது உயிர்காப்பு முயற்சியின் பகுதியாகக் கொடுத்த ஷாக்குக்கு இதை இடக் கூடாது. அப்லேஷனில் எஸ்விடிக்கு 93653, வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவுக்கு 93654, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு நுரையீரல் சிரைகளைத் தனிமைப்படுத்தும்போது 93656. 2022 முதல் இம்மூன்றிலும் முப்பரிமாண வரைபடம் உள்ளடங்கிவிட்டதால் அதைத் தனியாக இடுவது இரட்டை பில் ஆகும். 93655 கூடுதலாகக் கேட்பதானால், முதல் சீர்கேட்டிலிருந்து வேறுபட்ட இன்னொரு சீர்கேடு இருந்தது, அதற்குத் தனியே அப்லேஷன் செய்யப்பட்டது என்பதைச் செயல்முறை அறிக்கை சொல்ல வேண்டும். 'கூடுதல் அப்லேஷன் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. பேஸ்மேக்கரில் மின்கம்பி எந்த அறையில் என்பதே குறியீட்டைத் தீர்மானிக்கும்: மேலறைக்கு 33206, கீழறைக்கு 33207, இரண்டுக்கும் 33208, மின்கம்பியில்லாதது எனில் 33274.

எந்தத் தேதியின் குறியீடு

தொகுப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. ஏப்ரல் 1 அன்றும் மாற்றங்கள் வருவதுண்டு. கோடர் உட்கார்ந்து வேலை செய்யும் நாள் கணக்கில் வராது. உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதியும், வெளிநோயாளிக்குச் சேவை பெற்ற தேதியும்தான் எந்த ஆண்டின் தொகுப்பு என்பதைத் தீர்மானிக்கின்றன. வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா ஐ47.2 என்ற ஒற்றைக் குறியீட்டிலிருந்து பிரிந்தது 2022 அக்டோபர் 1 அன்று, எஸ்விடியின் ஐ47.1 பிரிந்தது 2023 அக்டோபர் 1 அன்று. எனவே வகை குறிப்பிடாத எஸ்விடியோடு 2023 செப்டம்பர் 29 அன்று சேர்ந்து அக்டோபர் 2 அன்று வீடு திரும்பியவருக்கு ஐ47.10 இட வேண்டும். அவரோடு ஒரே நாளில் சேர்ந்து செப்டம்பர் 30 அன்றே வீடு திரும்பியவருக்கு, கணக்கு எப்போது கைக்கு வந்தாலும், ஐ47.1தான்.